டியூபாக்காரர் தாளில் பாட்டு வரிகள்

ரஷ்யர்கள் ரொமான்ஸ் என்று சொல்கிற பாட்டுக்கு ஓர் அறை போதும். ஒரு குரல், ஏழு தந்தி கிதார் அல்லது ஒரு பியானோ, கேட்க நாலு பேர். பாடுகிறவர் ஒரு சொல்லில் நின்றால் கிதார் காத்திருக்கும். அவர் ஓடினால் பின்னாலேயே ஓடும். அப்படிப்பட்ட பாட்டை நாற்பது பேர் ஊதும் பேண்டுக்கு எழுதி வைப்பது அடாத வேலை என்று சொல்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எண்பதுகளின் நடுவில் லெனின்கிராடில் அப்படி எழுதப்பட்ட ஒரு பாட்டுக்கு இரண்டாம் கிளாரினெட் ஊதியவன் நான். எனவே இந்த வழக்கில் நான் நடுநிலையானவன் இல்லை.

லெனின்கிராடு பாலிடெக்னிக்கில் படிக்கப் போனபோது பெட்டியில் கம்பளித் துணியைவிடப் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தது அப்பாவின் பழைய கிளாரினெட்டைத்தான். அப்பா திருச்சி பாலக்கரையில் பேண்டு செட் வைத்திருந்தார். சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகைப் பட்டை, முகூர்த்த மாதங்களில் தூக்கமில்லாத கண்கள். கல்யாணத்துக்கும் போவார்கள், சாவுக்கும் போவார்கள். ஆனால் அப்பாவின் மனசு வேறு இடத்தில் இருந்தது. ஏ.கே.சி. நடராஜன் திருச்சியில் கச்சேரி செய்கிறார் என்றால் அன்றைக்கு வந்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். ராஜரத்தினம் பிள்ளை வாயால் ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று பட்டம் வாங்கியவர் ஊதுவதைக் கேட்டுவிட்டு வந்த இரவுகளில் வீட்டில் யாரோடும் பேச மாட்டார். மறுநாள் மாப்பிள்ளை அழைப்பில் போய் சினிமாப் பாட்டு ஊதுவார்.

எனக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் வந்தது பொன்மலையிலிருந்து. அங்கே ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியர் வீட்டு விசேஷங்களுக்கும் அப்பாவின் செட்டைக் கூப்பிடுவதுண்டு. அவர்கள் கேட்கிற பாட்டு வேறு. ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் தன் வீட்டு ரெக்கார்டு பிளேயரில் தட்டைப் போட்டுக் காட்டுவார், அப்பா காதில் வாங்கிக்கொள்வார். கூடப் போன எனக்கு அந்தக் கார்டு பொழுது போகட்டும் என்று ஐந்து கோடு, நான்கு இடைவெளி என்று ஆரம்பித்து மொத்தத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். அங்கே ஊதப்பட்ட பாட்டுகளில் ஒன்று, மேரி ஹாப்கின் பாடிய ‘தோஸ் வேர் த டேஸ்’. ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். பெரிய டிரம் அடிப்பவருக்கு மிகவும் பிடித்த உருப்படி அது, கை ஓயாமல் அடிக்கலாம் என்பதால்.

முதல் வருஷம் ரஷ்ய மொழி படிப்பதிலேயே போயிற்று. இரண்டாம் வருஷம், நகரின் விபர்க் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் பண்பாட்டு மாளிகையில் அமெச்சூர் பேண்டு இருக்கிறது, கிளாரினெட்டுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று ஹாஸ்டல் காவலாளி அம்மாள் சொன்னார். போனேன். கடைசல் பட்டறைக்காரர்கள், பிட்டர்கள், பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், டிராம் ஓட்டுநர் ஒருவர். நடத்துனர், ராணுவ பேண்டிலிருந்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் அவரை ‘தோழர் கேப்டன்’ என்றே கூப்பிட்டார்கள், பாதி மரியாதை, பாதி கிண்டல். போர்க்காலத்தில் தகப்பனில்லாத பையன்களை ராணுவ பேண்டுகள் எடுத்து வளர்த்தன. அப்படி வளர்ந்தவர் அவர். பத்து வயசில் ஆல்ட்டோ ஹாரனைக் கையில் கொடுத்தார்களாம். என் கிளாரினெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவிகள் குறைந்த பழைய மாதிரி அது. ‘இதை மியூசியத்துக்குக் கொடு’ என்று சொல்லி, அலமாரியிலிருந்து லெனின்கிராடு ஆலையில் செய்த ஒன்றை எடுத்து நீட்டினார்.

நம் ஊர் பேண்டு செட்டுக்கும் ரஷ்ய பேண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் நடு வரிசையில் இருக்கிறது. முன்னால் எங்களைப்போல் கிளாரினெட், புல்லாங்குழல். ஓரத்தில் டிரம்பெட், டிராம்போன். நடுவில் மட்டும் ஆல்ட்டோ, டெனர், பாரிட்டோன் என்று ஒரே குடும்பத்துப் பித்தளை வாத்தியங்கள் சின்னதிலிருந்து பெரிசாக உட்கார்ந்திருக்கும், கடைசியில் டியூபா. ஆல்ட்டோக்களின் வேலை சலிப்பானது. வால்ட்ஸாக இருந்தாலும் மார்ச்சாக இருந்தாலும் டியூபா முதல் அடியில் ‘பூம்’ என்று வைக்க, இவர்கள் அடுத்த அடியில் ‘பா’ என்று வைக்க வேண்டும். ஆயுசு முழுக்க ‘பா’ வைத்தே ஓய்வு பெற்றவர்கள் உண்டு. பாரிட்டோன்தான் ராஜா. மனிதன் நெஞ்சில் கை வைத்துப் பாடுகிற குரல் அதற்கு உண்டு. எங்கள் பாரிட்டோன்காரர் ஒரு கிழவர், தொழிற்சாலையில் கருவி தீட்டுகிறவர். அவர் ஊதும்போது கேப்டன் கோலை இறக்கிவிடுவார்.

ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் கேப்டன் புதுத் தாள்கள் கொண்டு வந்து ஸ்டாண்டுகளில் வைத்தார். அவரே கையால் எழுதியவை. ஊதா மை, ஒவ்வொரு கோடும் ஸ்கேல் வைத்துப் போட்டது. மேலே ‘தரோகொய் த்லீன்னயு’ என்று இருந்தது. நீண்ட வழியே என்று பொருள். ஒருமுறை பார்த்து வாசித்தோம். இரண்டாவது வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பொன்மலைப் பாட்டு.

இடைவேளையில் சொன்னேன், இதை என் அப்பா ஊதுவார் என்று. யாரும் நம்பவில்லை. கிளாரினெட்டை எடுத்து, பெரிய டிரம்காரருக்குப் பிடித்த அந்த வேகத்தில் ஊதிக் காட்டினேன். கார்னெட்காரர் எழுந்து நின்று காலைத் தட்டினார். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. ‘அது போய் வந்த பாட்டு. போனதை முதலில் தெரிந்துகொள்’ என்றார்.

அன்று படிக்கட்டடியில் சிகரெட் புகைக்கு நடுவே அவர் சொன்னதோடு, பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன். இசை போரிஸ் ஃபோமின். 1900-இல் பீட்டர்ஸ்பர்கில் பிறந்தவர். வரிகள் கான்ஸ்டன்டின் பத்ரேவ்ஸ்கி. 1920-களின் நடுவில் வந்த பாட்டு. ஜார்ஜியப் பாடகி தமாரா செரெத்தெலி 1925-இலும், அப்போது நாட்டைவிட்டு வெளியேறியிருந்த அலெக்சாந்தர் வெர்தீன்ஸ்கி 1926-இலும் இதைத் தட்டில் பாடினார்கள். அதன் பிறகு காலம் மாறியது. பாட்டாளி வர்க்க இசைக்காரர்கள் சங்கம் ஒன்று அப்போது அங்கே செல்வாக்கோடு இருந்தது. ஜிப்சிப் பாணி ரொமான்ஸ் எல்லாம் சாராயக்கடைச் சரக்கு, புதிய மனிதனுக்கு ஆகாது என்பது அவர்கள் கட்சி. அந்தச் சங்கம் 1932-இல் கலைக்கப்பட்டது, ஆனாலும் ரொமான்ஸின் மேல் விழுந்த கறை சுலபத்தில் போகவில்லை. ஃபோமின் 1937-இல் கைதாகி ஏறக்குறைய ஒரு வருஷம் மாஸ்கோவின் புத்தீர்கா சிறையில் கிடந்தார். போர் வந்ததும் அதே ஃபோமின் போர்முனைக்குப் பாட்டுப் பாட்டாக எழுதித் தள்ளினார். போர் முடிந்ததும் மறுபடி மறந்தார்கள். 1948-இல் இறந்துபோனார், நாற்பத்தெட்டு வயசில்.

பாட்டு அவரைவிட்டு எப்போதோ கிளம்பிவிட்டது. புலம்பெயர்ந்த ரஷ்யர்கள் அதை உணவு விடுதிகளில் பாடிக்கொண்டு உலகம் சுற்றினார்கள். நியூயார்க்கில் ஜீன் ரஸ்கின் என்பவர் ஆங்கில வரிகள் போட்டார். கட்டடக் கலைஞர், மனைவியோடு சேர்ந்து மேடையில் பாடுகிறவர். லண்டனில் அவர்கள் பாடியதைக் கேட்டு மனசில் வைத்திருந்தார் பால் மெக்கார்ட்னி. 1968-இல், பீட்டில்ஸ் அப்போதுதான் தொடங்கியிருந்த ஆப்பிள் கம்பெனிக்காக, வேல்ஸ் நாட்டுப் பெண் மேரி ஹாப்கினைப் பாட வைத்து அவரே தயாரித்தார். அந்தப் பெண்ணுக்கு அப்போது வயசு பதினெட்டு. பிரிட்டனில் முதலிடம். தட்டில் பாட்டை எழுதியவர் என்று ரஸ்கின் பெயர் மட்டும் இருந்தது. அந்தத் தட்டுதான் பொன்மலைக் கார்டு வீட்டுக்கு வந்தது.

கேப்டனுக்கு வெர்தீன்ஸ்கி மேல் தனிப் பக்தி. 1943-இல் திரும்பி வந்த அவர், ஊர் ஊராகப் பாடிப் பாடியே 1957 மே மாதம் லெனின்கிராடில், அஸ்தோரியா ஓட்டலில் இறந்துபோனவர். இளம் வயசில் அவர் கச்சேரியில் நின்றுகொண்டே கேட்டதைக் கேப்டன் சொல்லச் சொல்ல, டியூபாக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். அவருக்கு இந்தக் கதை மனப்பாடம்.

பேண்டுக்கு ரொமான்ஸ் எழுதலாமா என்ற கேள்வியை ஒருநாள் பள்ளி ஆசிரியை கேட்டார், எங்கள் புல்லாங்குழல். கேப்டன் பதிலுக்கு ரிம்ஸ்கி-கார்சகோவை இழுத்தார். 1873 முதல் 1884 வரை அந்தப் பெரியவர் கப்பற்படை பேண்டுகளுக்கு இன்ஸ்பெக்டராக இருந்தார். ஊர் ஊராகப் போய் பேண்டுகளைப் பரிசோதித்தது மட்டுமில்லை, க்ரோன்ஷ்டாட்டில் கப்பற்படை பேண்டுகளைச் சேர்த்து வைத்து நடந்த கச்சேரிகளுக்கென்று எழுதியும் கொடுத்தார். 1878-இல் எழுதியவற்றில் ஒன்று ஓபோவும் பேண்டும் சேர்ந்து வாசிக்க. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது கிளின்காவின் ஒரு ரொமான்ஸ். ‘அவருக்கு ஆகாதது இல்லை, உனக்கு மட்டும் ஆகாதா?’ என்றார் கேப்டன். ஆசிரியை விடவில்லை. ‘அங்கே ஓபோ ஒற்றை ஆளாகப் பாடுகிறது. நீங்கள் நாற்பது பேரையும் பாடச் சொல்கிறீர்கள்.’ நியாயமான கேள்விதான். கேப்டனிடம் அன்று பதில் இல்லை.

அவர் எழுதியிருந்தது இப்படி. ஜி மைனர், அதனால் கிளாரினெட்டுகளுக்கு ஏ மைனர், விரலுக்குச் சுகம். தொடக்கத்தில் கிளாரினெட்டுகள் அடிச் சுரங்களில், மரம் மட்டும் பேசுகிற அந்த இருட்டுக் குரலில், நாலு பார். பிறகு பாரிட்டோன் முதல் சரணத்தை எடுக்கும், ஆல்ட்டோக்கள் நீண்ட சுரம் பிடிக்கும். பல்லவி வந்ததும் கார்னெட்டுகள் பாட்டை வாங்கிக்கொள்ள, டியூபா ‘பூம்’, ஆல்ட்டோக்கள் ‘பா’, டிரம்காரர் சலங்கை குலுக்க, மூன்று குதிரை வண்டி கிளம்பிவிடும். முதல் பல்லவியிலேயே வேகம் ஏறும், இரண்டாவதில் இன்னும். நன்றாகத்தான் இருந்தது, அதில் சந்தேகமில்லை. கைதட்டு நிச்சயம். பொன்மலையில் ஆடுவதற்கு ஏற்ற பாட்டு மறுபடி வந்துவிட்டது என்பது மட்டும்தான் என் உறுத்தல். அதைச் சொல்கிற இடத்தில் நான் இல்லை.

பிப்ரவரியில் ஒரு சாவு விழுந்தது. ரஷ்ய பேண்டுக்காரர்களுக்குச் சாவு ஊர்வலத்தில் ஊதுவது பக்க வருமானம், அதற்கென்று அவர்களுக்குள் ஒரு குழூஉச்சொல்லும் உண்டு, வெளியே சொன்னால் செத்தவர் வீட்டார் அடிப்பார்கள். இதை அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதினேன். நம்ம ஆளுங்கதான் போல என்று பதில் போட்டிருந்தார். ஆனால் இது கூலிக்குப் போன சாவு இல்லை. இறந்தவர் எங்கள் பேண்டிலேயே முன்பு டெனர் ஊதியவர். அந்தக் குளிரில் கிளாரினெட் எடுக்க முடியாது, மரம் வெடித்துவிடும். எனக்குக் கையில் சிம்பலைக் கொடுத்தார்கள். பொகஸ்லோவ்ஸ்கொயே கல்லறைத் தோட்டத்தில் பனி முழங்கால் வரை கிடந்தது. பித்தளைக்காரர்கள் வால்வு உறையாமல் இருக்க ஸ்பிரிட் ஊற்றினார்கள், மிச்சத்தைத் தங்களுக்கும் ஊற்றிக்கொண்டார்கள். ஷோப்பானின் சவ மார்ச்சை ஊதினோம். பாரிட்டோன் கிழவர் வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்தபோது உதட்டுத் தோல் கொஞ்சம் அதோடு போயிற்று. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு அடுத்த வரிக்குத் தயாரானார்.

அதன்பின் வீட்டில் சாப்பாடு. அரிசியையும் உலர்திராட்சையையும் தேனோடு வேகவைத்து முதலில் அதைக் கொடுத்தார்கள். இறந்தவருக்கென்று ஒரு வோட்கா கிளாஸ், அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. கிளாஸ்களை இடித்துக்கொள்ளக் கூடாது என்று பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, இறந்தவரின் மனைவி மேஜையைப் பார்த்தபடியே பாட ஆரம்பித்தார். அதே பாட்டு. கார்னெட்காரர் எழுந்துபோய் வாத்தியத்தை எடுத்து வந்தார், சின்ன அறை என்பதால் தன் தோல் தொப்பியை வாத்தியத்தின் வாய்க்குள் திணித்து, அந்த அம்மாள் விட்ட இடங்களில் மட்டும் இரண்டிரண்டு சுரம் வைத்தார். அம்மாளின் குரல் ஒன்றும் நல்ல குரல் இல்லை. மேலே போனால் கம்மியது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் எந்தச் சொல்லில் நிற்பது, எங்கே மூச்சு வாங்குவது என்பதில் இம்மி தப்பவில்லை. பல்லவி வந்தது. நாங்கள் எல்லாரும் வேகத்துக்குக் காத்திருந்தோம். அவர் வேகம் எடுக்கவே இல்லை. இரண்டாவது பல்லவியிலும் இல்லை. கடைசிப் பல்லவியில் மட்டும் லேசாக ஓடினார். ஓடியது பாட்டா, சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற தவிப்பா என்று சொல்ல முடியாது.

அடுத்த ஒத்திகையில் பாரிட்டோன் கிழவர் கேப்டன் அருகே போய் ஏதோ சொன்னார். நீண்ட நேரம் பேசினார்கள். அன்று அந்தப் பாட்டை எடுக்கவில்லை. அதற்கடுத்த ஒத்திகையில் எங்கள் தாள்களில் பல இடங்களில் வெள்ளைக் காகிதக் கீற்றுகள் ஒட்டப்பட்டிருந்தன. வேகம் கூட்டச் சொன்ன குறிகள் எல்லாம் கீற்றுக்கு அடியில். முதல் பல்லவியில் சலங்கை இல்லை, ஆல்ட்டோக்களுக்கு ‘பா’ இல்லை. அதற்குப் பதில் நீண்ட சுரம். ‘பூம்-பா’ கடைசிப் பல்லவிக்கு மட்டும். முதல் சரணத்தில் பாரிட்டோன்மேல் ‘பாடுகிறவர் இஷ்டம்’ என்று எழுதியிருந்தது, மற்றவர்களுக்கு ‘அவரைப் பார்’ என்று.

சொல்வது சுலபம். ஒற்றைக் கிதார் காத்திருக்கும். முப்பத்தொன்பது பேர் எப்படிக் காத்திருப்பது? கேப்டன் கோலால் அடித்தால் கிழவர் கட்டுண்டு போவார், அடிக்காவிட்டால் ஆல்ட்டோக்கள் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். ஒத்திகை நாறிப்போயிற்று. அப்போதுதான் கேப்டன் வாத்தியங்களை எல்லாம் மடியில் வைக்கச் சொன்னார். பென்சில் எடுக்கச் சொன்னார். கரும்பலகையில் பாட்டின் வரிகளை எழுதி, ஒவ்வொருவரும் தங்கள் தாளில், தங்கள் சுரத்துக்குக் கீழே, அந்தந்தச் சொல்லை எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். பாட்டை ஊதுகிறவர்கள் மட்டுமல்ல, எல்லாரும்.

டியூபாக்காரருக்குக் கோபம் வந்தது. ‘தோழர் கேப்டன், எனக்கு இந்தப் பக்கம் முழுக்க மொத்தம் மூன்று சுரம். அதற்கு எதற்குக் காதல் கடிதம்?’

‘நீ மூச்சு வாங்குவாயா, மாட்டாயா?’

‘வாங்குவேன்.’

‘எங்கே?’

அவர் தாளைப் பார்த்தார். பதில் சொல்லாமல் பென்சிலை எடுத்தார்.

பிறகு வாத்தியம் இல்லாமல் பாடினோம். பிட்டர்களும் டிராம் ஓட்டுநரும் பாலிடெக்னிக் மாணவனும் சுருதி சேராமல் கத்தினோம். நன்றாகப் பாடுவது நோக்கமில்லை. எல்லாரும் ஒரே சொல்லில் மூச்சு விடுவதுதான். சில வாரங்களில் அது வந்தது. வாத்தியத்தை எடுத்து ஊதியபோது கிழவர் ஒரு சொல்லில் நின்றால் ஆல்ட்டோக்கள் அவரைப் பார்க்காமலே நின்றார்கள், அவர்கள் மனசுக்குள்ளும் அந்தச் சொல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இது ஒருவகையில் பழக்கம்தான். அப்பா ஆலாபனை செய்யும்போது ஒத்து ஊதுகிறவர் எதையும் எண்ண மாட்டார், எப்போது முடியும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் முப்பத்தொன்பது ஒத்துக்காரர்களை அதற்குப் பழக்கிய ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆசிரியையின் கேள்விக்குக் கேப்டன் வாயால் பதில் சொல்லவே இல்லை. ஆசிரியையும் மறுபடி கேட்கவில்லை.

ஜூன் மாதம் யெலாகின் தீவுப் பூங்காவில் வாசித்தோம். இரவு பத்து மணிக்கும் புத்தகம் படிக்கிற வெளிச்சம். சோர்னயா ரேச்கா மெட்ரோவில் இறங்கி, டியூபாவைக் குழந்தையைப்போல் ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு நடந்தோம். வால்ட்ஸ் வாசித்தபோது வயதான பெண்கள் ஒருவரோடொருவர் ஜோடி சேர்ந்து ஆடினார்கள். அந்தத் தலைமுறையில் ஆண்கள் போரோடு போய்விட்டார்கள். ஷத்ரோவின் ‘மஞ்சூரியக் குன்றுகள்’ முடிந்ததும் தரோகொய் த்லீன்னயுவை எடுத்தோம். கிளாரினெட்டுகளின் நாலு பாரிலேயே ஆட்டம் நின்றுவிட்டது. யாரும் உட்காரவும் இல்லை. கிழவர் ஊதத் தொடங்கியதும் எதிரே நின்றவர்களின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். அவர்களும் நாங்கள் மூச்சு வாங்கிய இடத்திலேயே வாங்கினார்கள். கடைசிப் பல்லவியில் சலங்கை வந்தது, ஓடினோம், கைதட்டினார்கள்.

முடிந்ததும் ஒரு பாட்டி கைப்பையைப் பிடித்தபடி மேடை ஓரத்துக்கு வந்து கேப்டனைக் கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து அவர் குனிந்தார்.

‘ஒரு சரணத்தை விட்டுவிட்டீர்களே?’

கேப்டன் விழித்தார். பேண்டுக்கு நீளமாகிவிடும் என்று ஒரு சரணத்தை வெட்டியிருந்தார்தான். ‘அம்மா, இதில் வார்த்தையே இல்லையே’ என்றார்.

‘வார்த்தை என்னிடம் இருக்கிறது. அதைப் பாட நீங்கள் இடம் விடவில்லை’ என்றார் பாட்டி.

திரும்பி வரும்போது கேப்டன் யாரோடும் பேசவில்லை. அந்த வெட்டுப்பட்ட சரணம் இலையுதிர்காலக் கச்சேரிக்குள் தாளில் ஏறிவிட்டது, கிளாரினெட்டுகளுக்கு. முதல் கிளாரினெட் பாட்டு, இரண்டாவது கீழே மூன்றாம் சுரத்தில் கூட. அதுதான் நான் அந்த பேண்டில் ஊதியதிலேயே நல்ல பகுதி என்று நினைக்கிறேன். அதன் அடியிலும் வரிகளை எழுதிக்கொண்டேன்.

இதற்குப் பிறகு இந்தப் பாட்டைப் பல பேண்டுகள் வாசித்துக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அச்சில் கிடைக்கிற ஏற்பாடுகள், திறமையாக எழுதப்பட்டவை, சாக்ஸபோனும் சைலபோனும் நிறைய. ஏறக்குறைய எல்லாமே முதல் பல்லவியிலேயே ஓட ஆரம்பித்துவிடுகின்றன. ஹாப்கின் தட்டின் நினைவு அவர்களுக்கு. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் எனக்குக் கவனம் போய்விடும். நானி பிரெக்வாத்ஸே பாடிய தட்டைப் போட்டுக்கொள்வேன், அவருக்கு அவசரம் கிடையாது.

படிப்பு முடித்து ஊர் வந்தபோது என் தாளின் பிரதியைக் கொண்டு வந்தேன். அப்பாவுக்கு ஸ்டாஃப் தெரியாது; ஸரிகமவில் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு, ‘கீரவாணி ஜாடை. இது நம்ம பொன்மலைப் பாட்டு இல்ல?’ என்றார். கார்டு அப்போது இல்லை, அவர் பிள்ளைகள் ஆஸ்திரேலியா போய்விட்டிருந்தார்கள், பொன்மலையில் அந்தப் பாட்டைக் கேட்கவும் ஆள் இல்லை. கதையைச் சொன்னேன். ஃபோமின், சிறை, சாவு வீடு, பாட்டி எல்லாம். கவனமாகக் கேட்டார். பிறகு கேப்டன் வேகத்தில் ஊதிக் காட்டச் சொன்னார். ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடாமல் கேட்டார். அவர் தாளம் போடாமல் கேட்பது ஏ.கே.சி.யை மட்டும்தான்.

‘நல்லாத்தான் இருக்கு தம்பி’ என்றார். ‘ஆனா இந்த வேகத்துல ஊதிக்கிட்டுப் போனா மாப்பிள்ளை விடிஞ்சாலும் மண்டபம் போய்ச் சேர மாட்டாரு.’

அந்த வைகாசியில் பெரிய கடைவீதியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் அதை வைத்தார். முதல் இரண்டு சுற்றும் அவர் மட்டும், நின்று நிதானமாக; செட் முழுக்கச் சும்மா நடந்து வந்தது, மாப்பிள்ளை வீட்டார் என்ன ஆச்சு என்று திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது சுற்றில் பெரிய டிரம்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவரும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?